முணுமுணுப்புப் பொங்கல்!

பொங்கல் வரப்போகிறது என்பதைக் காலண்டரைப் பார்க்காமலே தெரிந்து கொள்ளலாம். அதற்கு மூன்று அடையாளங்கள் உண்டு.

விடியற்காலையில் பனி கொட்டும். சந்தையில் மஞ்சள் கொத்து தலை காட்டும். வீட்டுக்கு வீடு முணுமுணுப்புக் கிளம்பும்.

முதல் இரண்டும் சில ஆண்டுகளில் முன்னே பின்னே ஆகலாம். மூன்றாவது மட்டும் தவறவே தவறாது!

மார்கழி பாதி கழிந்ததும் பெரம்பலூரிலும் அரியலூரிலும் எந்தத் தெருவில் நடந்தாலும் இந்தக் குரல்கள் காதில் விழும்.

"கரும்பு விலையைக் கேட்டீங்களா?"

"வெள்ளையடிக்க ஆள் வரலையே!"

"மெட்ராஸிலிருந்து வர்ற பிள்ளைக்கு பஸ்ஸில் இடம் கிடைக்குமோ, கிடைக்காதோ!"

"இத்தனை வேலையையும் நான் ஒருத்தி எப்படிச் செய்யறது?"

குறைப்பட்டுக் கொண்டே பானை வாங்குகிறார்கள். குறைப்பட்டுக் கொண்டே தோரணம் கட்டுகிறார்கள். குறைப்பட்டுக் கொண்டே பொங்கல் வைக்கிறார்கள். வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகு, "இனிப்புக் கொஞ்சம் தூக்கல்" என்று கடைசியாக ஒரு குறை சொல்லிவிட்டுக் கை கழுவுகிறார்கள்.

முணுமுணுப்பது தவறா? தவறே இல்லை. முணுமுணுக்காத மனிதர் உலகத்தில் உண்டா?

ஆனால் ஒன்று. முணுமுணுப்பில் இரண்டு வகை இருக்கிறது. ஒன்று உப்பு. இன்னொன்று கல்.

உப்பு, சோற்றுக்குச் சுவை தரும். கல், பல்லைப் பதம் பார்க்கும். உப்பைச் சேர்க்க வேண்டும். கல்லைப் பொறுக்கி எறிய வேண்டும். இரண்டும் வெள்ளையாக இருப்பதால்தான் வம்பு! சில வீடுகளில் உப்பைக் கல் என்று நினைத்துச் சண்டை போடுகிறார்கள். கல்லை உப்பு என்று நினைத்துச் சிரித்து விட்டுப் போய்விடுகிறார்கள்.

எது உப்பு, எது கல் என்று கண்டுபிடிப்பது எப்படி? அது சுலபம். பண்டிகையோடு போய்விட்டால் உப்பு. பண்டிகை போன பிறகும் போகாமல் நின்றால் கல். இந்த இரண்டு ஊர் முணுமுணுப்புகளையும் முறத்தில் போட்டுக் கொஞ்சம் புடைத்துப் பார்க்கலாம்.

சுண்ணாம்பு படும் பாடு

அரியலூர்ப் பக்கம் மண்ணைத் தோண்டினால் சுண்ணாம்புக் கல் வரும். அதை நம்பித்தான் அங்கே சிமெண்டு ஆலைகள் வந்தன. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பு அந்த இடம் கடலாக இருந்தது. கடலில் வாழ்ந்த உயிர்களின் ஓடுகள் படிந்து படிந்து கல்லாகி விட்டன. அவற்றை எல்லோரும் பார்க்கட்டும் என்று வாரணவாசியில் ஓர் அருங்காட்சியகமே வைத்திருக்கிறார்கள். பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் ஒரு பெரிய மரம் அப்படியே கல்லாகிக் கிடக்கிறது. அதன் நீளம் 18 மீட்டர். வயது சுமார் 12 கோடி ஆண்டுகள்!

இப்படிப்பட்ட சுண்ணாம்புச் சீமையில் இருந்து கொண்டு, "வீட்டுச் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்க ஆள் கிடைக்கவில்லை" என்று ஒரு குடும்பத் தலைவர் புலம்பினால் சிரிப்பு வருமா, வராதா?

"நாளைக்கு வர்றேங்க" என்று சொல்லிவிட்டுப் போனார் வெள்ளையடிப்பவர். அந்த நாளை வரவே இல்லை. போகிக்கு இரண்டு நாள்தான் இருக்கிறது. வீட்டுக்காரி இடுப்பில் கை வைத்துக் கொண்டு நிற்கிறாள்.

"ஏங்க, கடல் கல்லாகறதுக்குக் கூட இவ்வளவு நாள் ஆகியிருக்காது போலிருக்கே!"

அதற்கு மேல் அவரால் பொறுக்க முடியவில்லை. வேட்டியை மடித்துக் கட்டுகிறார். மட்டையைக் கையில் எடுக்கிறார். பாதிச் சுண்ணாம்பு சுவரில். மீதிச் சுண்ணாம்பு தலையில். "அப்பாவுக்கு முடி நரைச்சுப் போச்சு!" என்று பிள்ளைகள் கைதட்டுகிறார்கள்.

ஒரு வழியாக வேலை முடிந்தது. அப்பாடா என்று திண்ணையில் உட்கார்ந்தார். அந்த நேரம் பார்த்து, கல் ஏற்றிய லாரி ஒன்று தெருமுனையைக் கடந்தது. கிளம்பிய புழுதி முழுவதும் புதுச் சுவரில்!

இதில் எது உப்பு? வெள்ளையடிப்பவர் வராதது உப்பு. அடுத்த பொங்கல் வரைக்கும் அதைச் சொல்லிச் சிரிக்கலாம். லாரிப் புழுதியோ அப்படி இல்லை. அது தை பிறந்தாலும் பறக்கும். சித்திரையிலும் பறக்கும். குழந்தைகள் மூக்கில் ஏறும். அது கல். ஏற்றிய பாரத்தின் மேல் ஒரு தார்ப்பாயை இழுத்துக் கட்டினால், சாலையில் தண்ணீர் தெளித்தால் பாதித் தொல்லை தீரும். அதைச் சிரித்துக் கொண்டு விட்டுவிடக் கூடாது. கேட்க வேண்டிய இடத்தில் கேட்க வேண்டும்.

கரும்புக்கு டிக்கெட் உண்டா?

பொங்கல் கரும்பு வாங்குவது சுலபம். அதை வீட்டுக்குக் கொண்டு போவதுதான் கஷ்டம்.

டவுன் பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. அதற்குள் ஒருவர் தோகையோடு கரும்புக் கட்டைத் தூக்கிக் கொண்டு ஏறுகிறார்.

"யாருய்யா அது, முதுகைச் சொறியறது?" என்று முன்னால் நிற்பவர் சீறுகிறார்.

"நான் இல்லைங்கண்ணே, கரும்பு!" என்று பின்னாலிருந்து பதில் வருகிறது.

கண்டக்டர் வருகிறார். ஆளைப் பார்க்கிறார். கரும்பைப் பார்க்கிறார்.

"உங்களுக்கு ஒரு டிக்கெட். இவருக்கு எத்தனை? உங்களை விட ஒரு முழம் உயரமா இருக்காரே!"

பஸ் முழுவதும் சிரிப்பு. முதுகில் கீறல் பட்டவரும் சிரிக்கிறார். இது உப்பு. நல்ல உப்பு.

கரும்பு விலையைப் பற்றிக் குறைப்படாதவர் இந்தச் சுற்று வட்டாரத்தில் ஒரே ஒருவர்தான். செட்டிகுளம் மலைமேல் இருக்கும் தண்டாயுதபாணி! அவர் கையில் கரும்போடு நிற்கிறார். வாங்கவும் வேண்டாம். பஸ்ஸில் ஏற்றவும் வேண்டாம்.

ரேஷன் கடைக் கரும்புக்கு வேறு கதை. "பக்கத்து வீட்டுக்கு ஏழடிக் கரும்பு. நமக்கு மட்டும் அஞ்சடியா?" என்று அளவு பார்க்கும் முணுமுணுப்பு எல்லா ஊரிலும் உண்டு. 2021-ம் ஆண்டு பொங்கலுக்கு அரசு 2,500 ரூபாய் கொடுத்தது. 2022-ல் பணம் இல்லை. 21 பொருள்கள் கொடுத்தார்கள். பணம் வந்தால் "பொருள் இல்லையே!" என்பார்கள். பொருள் வந்தால் "பணம் இல்லையே!" என்பார்கள். இதெல்லாம் உப்புத்தான்.

ஆனால் 2023-ம் ஆண்டுப் பொங்கலுக்கு முன்பு நடந்தது வேறு. அந்த ஆண்டு 1,000 ரூபாயும், ஒரு கிலோ அரிசியும், ஒரு கிலோ சர்க்கரையும் என்று முதலில் அறிவித்தார்கள். கரும்பு அதில் இல்லை. அரசு வாங்கிக் கொள்ளும் என்று நம்பிக் கரும்பு போட்ட விவசாயிகளுக்குத் தூக்கி வாரிப் போட்டது. பல மாதம் பாடுபட்ட பயிர். பொங்கல் முடிந்தால் யார் வாங்குவார்கள்? அவர்கள் வீட்டுக்குள் முணுமுணுத்துக் கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. தெருவுக்கு வந்து கேட்டார்கள். 2022 டிசம்பர் 28-ந் தேதி, முழுக் கரும்பும் உண்டு என்று அரசு அறிவித்தது.

பார்த்தீர்களா? கல்லைக் கல் என்று சொன்னால் பலன் உண்டு!

சம்பந்திச் சண்டை

பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் சுமார் 30 கிலோ மீட்டர். இங்கே பெண் கொடுத்து அங்கே பெண் எடுத்தவர்கள் ஏராளம். பொங்கல் சீர் கொண்டு போகும் இடத்தில் இரண்டு சம்பந்திகள் திண்ணையில் உட்கார்ந்தால், பேச்சு நேரே இந்த இடத்துக்குத்தான் வரும்.

"உங்களுக்கென்ன சம்பந்தி! உங்க ஊர்ல ரயில் இருக்கு. எழும்பூர்ல ஏறினா அரியலூர்ல இறங்கிக்கலாம். எங்க பெரம்பலூருக்கு ரயில் ஏது?"

"ரயில் இருக்கு சம்பந்தி. டிக்கெட் இருக்கா? 60 நாளைக்கு முன்னாடி பதிவு ஆரம்பிக்கிறாங்க. செல்போனை எடுத்து நம்பர் அடிக்கிறதுக்குள்ள முடிஞ்சு போகுது. உங்களுக்கென்ன! நாலு வழிச் சாலை வீட்டு வாசல்ல போகுது."

"சாலை போகுது சம்பந்தி. பஸ்ஸும் அதே சாலையில் நிக்காம போகுதே!"

இந்தச் சண்டைக்கு முடிவே கிடையாது. மாவட்டக் கதையும் அப்படித்தான். ஒரு காலத்தில் இரண்டு ஊரும் திருச்சி மாவட்டத்தில் இருந்தன. 1995-ம் ஆண்டில் பெரம்பலூர் தனி மாவட்டம் ஆயிற்று. அரியலூர் அதற்குள் இருந்தது. 2001 ஜனவரி 1-ந் தேதி அரியலூர் தனிக்குடித்தனம் போயிற்று. 2002 மார்ச் 31-ந் தேதி திரும்பப் பெரம்பலூரோடு சேர்த்து விட்டார்கள். 2007 நவம்பர் 23-ந் தேதி மறுபடியும் தனி மாவட்டம்!

வாசலில் கோலம் போட்டு, சரியில்லை என்று அழித்து, மறுபடி போட்ட மாதிரி இருக்கிறது அல்லவா? "நீங்க கோவிச்சுக்கிட்டுப் போனவங்கதானே!" என்று பெரம்பலூர்ச் சம்பந்தி சீண்டுவார். "நீங்க கூப்பிட்டதாலதான் ஒரு வருஷம் கழிச்சுத் திரும்பி வந்தோம்" என்று அரியலூர்ச் சம்பந்தி மடக்குவார். உள்ளேயிருந்து காபி வந்ததும் இரண்டு மாவட்டமும் ஒன்றாகி விடும். இது உப்பு.

ஆனால் பஸ் பேச்சில் ஒரு கல்லும் கிடக்கிறது. 2023 டிசம்பர் 30-ந் தேதி கிளாம்பாக்கத்தில் புதுப் பஸ் நிலையம் திறந்தார்கள். தென் மாவட்டத்துப் பஸ்கள் அங்கிருந்து கிளம்புகின்றன. வடசென்னையில் வேலை பார்க்கும் பிள்ளைக்கு ஊருக்கு வரும் பயணத்தில் பாதி, கிளாம்பாக்கம் போய்ச் சேருவது. அதுவும் போகட்டும். திருச்சி, மதுரை போகும் பஸ்ஸில் ஏறியவரை, "ஊருக்குள்ள போகாது, பைபாஸ்ல இறங்கிக்குங்க" என்று நடுராத்திரியில் இறக்கி விடுவது உண்டு. பெட்டி ஒரு கையில். தூங்குகிற குழந்தை தோளில். கூட வந்தவள் பயந்து போய் நிற்கிறாள். பொங்கலுக்கு வந்தவர்களுக்கு மட்டுமா இந்தக் கஷ்டம்? ஆண்டு முழுவதும் இதே கதைதான். இது சிரிக்கிற விஷயம் இல்லை.

அந்தக் காலம் போல வருமா?

எல்லா வீட்டிலும் ஒரு மூலையில் ஓர் அப்பாயி இருக்கிறார். அவர் முணுமுணுப்பு ஒரே மாதிரிதான் இருக்கும்.

"எங்க காலத்துப் பொங்கல் மாதிரி வருமா? மண்பானை, விறகு அடுப்பு, புது நெல்லு குத்தின அரிசி. இப்ப என்ன? குக்கர் விசில் அடிச்சா பொங்கல்!"

பேத்தி சிரிக்கிறாள். "அப்பாயி, அந்தக் காலத்துல உங்க அப்பாயி என்ன சொன்னாங்க?"

அப்பாயி கொஞ்சம் யோசிக்கிறார். "அவங்களும் இதைத்தான் சொன்னாங்க" என்று பொக்கை வாயைத் திறந்து சிரிக்கிறார்.

தாத்தாவுக்குத் தபாலில் வரும் வாழ்த்து அட்டை வேண்டும். ஒரு பானை, இரண்டு கரும்பு, ஒரு சூரியன், ஒரு ஜோடி மாடு போட்ட அட்டை. பல ஆண்டுகள் அவற்றைச் சேர்த்து வைத்திருந்தார். இப்போது அதே பானையும் கரும்பும் செல்போனில் வருகின்றன. ஒன்றா, இரண்டா? விடிவதற்குள் நூறு பானை! "இத்தனை பானை பொங்கி என்ன பிரயோசனம்? ஒரு கரண்டி சாப்பிட முடியுமா?" என்று அவர் கேட்கிறார். நியாயமான கேள்வி!

மாப்பிள்ளைக்கும் ஒரு குறை உண்டு. ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் பக்கமெல்லாம் முந்திரிக் காடு. அந்தச் சீமையில் பெண் எடுத்தால் சர்க்கரைப் பொங்கலில் முந்திரி கொட்டிக் கிடக்கும் என்று அவர் நினைத்தார். கரண்டியால் துழாவித் துழாவிப் பார்க்கிறார். ஒன்று அகப்பட்டது. அதுவும் பாதி!

இவையெல்லாம் உப்பு. வீட்டில் இவை இல்லாவிட்டால் பொங்கல் சப்பென்று போய்விடும்.

மாட்டுக்கு ஓய்வு உண்டு

இப்போது முறத்தின் அடியில் தங்கியிருக்கும் பெரிய கற்களைப் பார்க்கலாம்.

மாட்டுப் பொங்கலன்று மாட்டை ஏரில் பூட்டமாட்டார்கள். வண்டியில் கட்டமாட்டார்கள். குளிப்பாட்டுவார்கள். கொம்புக்கு வர்ணம் தீட்டுவார்கள். கழுத்தில் மாலை போடுவார்கள். முதலில் அதற்கு ஊட்டிவிட்டுப் பிறகுதான் மனிதர்கள் சாப்பிடுவார்கள். ஆண்டு முழுவதும் உழைத்த ஜீவனுக்கு ஒரு நாள் ஓய்வு. நல்ல வழக்கம். நம் பெரியவர்களின் பெரிய மனசு.

மாட்டுக்கு ஓய்வு உண்டு. மாட்டுக்குச் சாணி அள்ளும் வீட்டுக்காரிக்கு?

மார்கழி முதல் தேதியிலிருந்தே அவளுக்கு நாலு மணிக்கு விடிகிறது. பனியில் வாசல் தெளித்துக் கோலம் போட வேண்டும். போகிக்கு ஒட்டடை அடிக்க வேண்டும். பரணில் கிடக்கும் பாத்திரத்தையெல்லாம் இறக்கித் துலக்க வேண்டும். பொங்கலன்று இரண்டு பானை. பரங்கி, அவரை, மொச்சை, வாழைக்காய், வள்ளிக்கிழங்கு என்று அத்தனை காயும் நறுக்க வேண்டும். பானை பொங்கும்போது, "பொங்கலோ பொங்கல்!" என்று எல்லோரும் கூவுகிறார்கள். பொங்கி வழிந்ததைத் துடைக்கும்போது பக்கத்தில் ஒருவரும் இல்லை!

காணும் பொங்கலன்றாவது அவளுக்கு ஓய்வு உண்டா? விடியுமுன் எழுந்து புளிச்சோறு கட்டுகிறாள். வீட்டோடு கிளம்பிக் கங்கைகொண்ட சோழபுரம் போகிறார்கள். சிலர் ரஞ்சன்குடிக் கோட்டைக்குப் போகிறார்கள். ராசேந்திர சோழன் எழுப்பிய கோயிலைப் பிள்ளைகள் ஓடி ஓடிப் பார்க்கிறார்கள். வீட்டுக்காரர் பெரிய நந்திக்கு முன்னால் நின்று படம் எடுத்துக் கொள்கிறார். அவள் மட்டும் புல்தரையில் உட்கார்ந்து சாப்பாட்டுப் பைக்குக் காவல் இருக்கிறாள். ஊர் முழுவதும் காணும் பொங்கல். அவள் கண்டது பையை மட்டும்!

"பண்டிகை நாள்ல அப்படித்தான் இருக்கும்" என்று சிலர் சொல்வார்கள். பண்டிகை நாளில் மட்டும்தானா? 2019-ம் ஆண்டில் மத்திய அரசின் புள்ளிவிவரத் துறை ஒரு கணக்கு எடுத்தது. நாட்டு மக்கள் ஒரு நாளின் நேரத்தை எப்படிச் செலவிடுகிறார்கள் என்று வீடு வீடாகக் கேட்டார்கள். சமையல், துவையல், பெருக்குதல் முதலிய சம்பளம் இல்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள், அதற்காக ஒரு நாளில் சராசரியாக 299 நிமிஷம் செலவிட்டார்கள். அந்த வேலை செய்யும் ஆண்கள் செலவிட்டது 97 நிமிஷம்.

299 நிமிஷம் என்றால் ஐந்து மணி நேரத்துக்கு ஒரு நிமிஷம் குறைவு. அந்த ஒரு நிமிஷம்தான் அவளுக்கு ஓய்வு போலும்! ஆண்களின் 97 நிமிஷத்தைப் பார்த்து யாரும் மார்தட்ட வேண்டாம். அது வேலை செய்யும் ஆண்களின் கணக்கு. துரும்பையும் எடுத்துப் போடாதவர்கள் அந்தச் சராசரியில் சேரவே இல்லை!

ஆகவே, "நான் ஒருத்தி எப்படிச் செய்யறது?" என்று அடுப்படியிலிருந்து வரும் குரலைப் பண்டிகை முணுமுணுப்பு என்று தள்ளிவிடக் கூடாது. அது பண்டிகையோடு போவதில்லை. அது கல். அவள் அதைத் தினமும் சோற்றோடு மென்று விழுங்கிக் கொண்டிருக்கிறாள்.

உரிப்பவள் கண்ணிலும் நீர், விளைத்தவர் கண்ணிலும் நீர்

பொங்கல் யாருக்கு உரிய பண்டிகை? உழவருக்கு. அவர் என்ன முணுமுணுக்கிறார் என்று கேட்டீர்களா?

பெரம்பலூர் மண்ணில் மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம் ஆகிய மூன்றும் முக்கியமான பயிர்கள். செட்டிகுளம் வெங்காயத்துக்குத் தனி மவுசு. சாம்பாரில் நாலு சின்ன வெங்காயம் போட்டால் தெருவே மணக்கும்.

அந்த வெங்காயத்தை உரிக்கும்போது வீட்டுக்காரி கண்ணில் நீர் வருகிறது. அதை விளைத்தவர் கண்ணிலோ விற்கும்போது நீர் வருகிறது. மழை கூடினால் வயலிலேயே அழுகல். மழை நின்று விளைச்சல் கூடினால் விலை விழுந்து விடும். பட்டறை போட்டு, காற்றாட வைத்துக் காத்திருந்தால் எடை குறையும். விலை ஏறுகிற நேரத்தில் அவர் கையில் சரக்கு இருக்காது. கடையில் வாங்கும் குடும்பம் "இவ்வளவு விலையா?" என்கிறது. விற்ற விவசாயி "இவ்வளவுதானா விலை?" என்கிறார். இரண்டு பேர் சொல்வதும் உண்மை. நடுவில் உள்ள தூரம்தான் விஷயம்.

2023 டிசம்பரில் மத்திய அரசு வெங்காய ஏற்றுமதிக்குத் தடை போட்டது. பெரிய வெங்காயத்தின் விலை ஏறாமல் இருக்க வந்த தடை அது. அதில் சின்ன வெங்காயமும் சேர்ந்து மாட்டிக் கொண்டது. மலேசியா, சிங்கப்பூரில் வாழும் தமிழர் வீட்டுச் சாம்பாருக்குப் போக வேண்டிய வெங்காயம் இங்கேயே நின்றது. அண்ணன் செய்த தப்புக்குத் தம்பிக்கு அடி! தடை அடுத்த ஆண்டு மே மாதத்தில்தான் நீங்கியது.

மக்காச்சோளத்துக்கும் ஒரு சோதனை வந்தது. 2018-ம் ஆண்டில் படைப்புழு என்று ஒரு புது எதிரி வந்தது. அமெரிக்காக் கண்டத்துப் புழு. இந்தியாவில் அந்த ஆண்டில்தான் முதலில் தென்பட்டது. பெரம்பலூர், அரியலூர்ப் பக்கம் மக்காச்சோளக் குருத்துக்குள் புகுந்து தின்று தீர்த்தது. அடுத்து வந்த பொங்கலில் பல வீடுகளில் பானை பொங்கியது. மனம் பொங்கவில்லை.

கரும்பு ஐந்து ரூபாய் கூடி விட்டது என்று குறைப்படுகிறவர்கள் இதையும் கொஞ்சம் நினைக்க வேண்டும். ஊருக்கெல்லாம் பொங்கல் கொடுத்தவர் வீட்டில் பொங்கல் நன்றாக நடந்ததா?

முறத்தை எடுங்கள்!

ஆகவே இந்தப் பொங்கலுக்கு ஒரு புது வழக்கம் செய்து பார்க்கலாம். போகியன்று பழைய பாயையும் கிழிந்த துணியையும் மட்டும் ஒதுக்கினால் போதாது. டயரையும் பிளாஸ்டிக்கையும் கொளுத்தி ஊர் முழுவதும் புகை போடவும் வேண்டாம். அன்று மாலை வீட்டோடு உட்கார்ந்து, அந்த ஆண்டு முணுமுணுப்புகளை எல்லாம் முறத்தில் போட்டுப் புடைக்க வேண்டும்.

வெள்ளையடிப்பவர் வராதது, அரைத்துண்டு முந்திரி, சம்பந்தி சொன்ன வார்த்தை, அப்பாயியின் அந்தக் காலம், கண்டக்டரின் கிண்டல். இவை உப்பு. ஜாடியில் போட்டு மூடி வைக்கலாம். விருந்தாளி வரும்போது எடுத்துப் பரிமாறலாம்.

மிச்சம் இருக்கும் கல்லை என்ன செய்வது? பொறுக்க வேண்டும். ஒவ்வொருவரும் ஒரு கல்லைப் பொறுக்கினாலே போதும்.

வீட்டுக்காரர் பொங்கலன்று பாத்திரம் துலக்கட்டும். கவுரவம் ஒன்றும் கரைந்து விடாது. பாத்திரத்தில் ஒட்டிய சோறுதான் கரையும். மகன் காய் நறுக்கட்டும். மகள் மட்டும் நறுக்க வேண்டும் என்று சட்டம் ஏதும் இல்லை. காணும் பொங்கலன்று வீட்டுக்காரர் பைக்குக் காவல் இருக்கட்டும். அம்மா ஒரு தடவை கோபுரத்தை அண்ணாந்து பார்க்கட்டும். மறுநாளும், அதற்கு மறுநாளும் அந்தப் பாத்திரம் துலக்கும் கை நிற்காமல் இருக்கட்டும்.

காய் வாங்கப் போகிறவர்கள் உழவர் சந்தைக்குப் போகலாம். விளைவித்தவரே நேரே வந்து விற்கட்டும் என்று 1999-ம் ஆண்டு நவம்பர் 14-ந் தேதி மதுரையில் தொடங்கிய ஏற்பாடு அது. பெரம்பலூரிலும் அப்படி ஒரு சந்தை இருக்கிறது. அங்கே தராசுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர்தான் பொங்கலுக்கு உரியவர். துணிக்கடையில் கேட்ட விலையைக் கொடுத்துவிட்டு வந்தவர்கள், அவரிடம் மட்டும் ஒரு ரூபாய்க்கு மல்லுக் கட்ட வேண்டாம்.

புழுதியும் பைபாஸும் வீட்டுக்குள் தீராது. அவற்றைத் திண்ணையில் பேசினால் திண்ணைதான் தேயும். ஊர்க்கூட்டத்தில் சொல்ல வேண்டும். மனு எழுதிக் கொடுக்க வேண்டும். கரும்பு விவசாயிகள் கேட்டார்கள், கிடைத்தது.

பொங்கல் பானை பொங்குவதற்கு முன்னால் ஒரு சத்தம் கேட்கும். கவனித்திருக்கிறீர்களா? முதலில் மெதுவாக முணுமுணு என்று கேட்கும். பிறகு நுரை எழும்பும். பிறகுதான் பொங்கும். பானைக்கே முணுமுணுப்பு வேண்டியிருக்கிறது!

முணுமுணுப்போடு பானை நின்றுவிட்டால் அது வெறும் சுடுதண்ணீர். பொங்கினால்தான் பொங்கல். வீட்டுக்கும் அப்படித்தான். ஊருக்கும் அப்படித்தான்.

அடுப்படியில் அந்தக் குரல் மறுபடி கேட்கிறது. "நான் ஒருத்தி எப்படிச் செய்யறது?"

யாராவது ஒருவர் எழுந்து போங்கள்!